முதல் ஜோடி விரலில்லாக் கையுறை: பின்னக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

பின்னல் ஊசியை முதன்முதலாகக் கையில் எடுக்கும் பலரும் நீளமான கழுத்துத்துண்டு ஒன்றைப் பின்னத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரே வேலையை மாதக்கணக்கில் செய்ய வேண்டியிருப்பதும், முடிவு கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிப்போய்க்கொண்டே இருப்பதும் அதற்குக் காரணம். விரலில்லாக் கையுறை அப்படியானதன்று. உள்ளங்கையையும் மணிக்கட்டையும் மூடி, விரல்களையும் கட்டைவிரலையும் வெளியே விடும் இந்தச் சிறு உறையைப் பின்னுவதற்கு ஒரே ஒரு பின்னல் தெரிந்தால் போதும். ஒரு செவ்வகத் துண்டைப் பின்னி, அதன் இரு ஓரங்களை இணைத்துத் தைத்து, நடுவில் கட்டைவிரலுக்கு இடம் விட்டால் கையுறை ஆயிற்று. குளிர் நாட்களில் எழுதவும், தட்டச்சு செய்யவும், தையல் வேலை பார்க்கவும் இது மிகவும் உதவும்.

வேலை எளிது என்றாலும் அளவு எளிதன்று. கழுத்துத்துண்டு இரண்டு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை. கையுறை இரண்டு சென்டிமீட்டர் கூடினாலே கையிலிருந்து கழன்றுவிடும். ஆகவே, ஊசியை எப்படிப் பிடிப்பது என்பதற்குத் தருகிற அதே கவனத்தை எண்ணிக்கைக்கும் தர வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பின்னலில் எண்ணத் தெரிந்தவரே தாம் நினைத்த பொருளைப் பின்னுகிறார். எண்ணாதவருக்கு ஊசியிலிருந்து இறங்குவதுதான் பொருள்.

நூலும் ஊசியும்

நடுத்தரத் தடிமனுள்ள நூலைத் தேர்ந்தெடுங்கள். நூல்பந்தைச் சுற்றியிருக்கும் தாளில் 4 என்ற எண்ணோ, 4.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரையிலான ஊசிக்கு ஏற்றது என்ற குறிப்போ இருந்தால் அதுவே நமக்கு வேண்டிய நூல். ஒரு ஜோடிக்கு 100 கிராம் பந்து ஒன்று தாராளமாகப் போதும். மாதிரித் துண்டு பின்னிப் பார்த்த பிறகும் மிச்சம் இருக்கும். ஒரே பந்தில் இரண்டு கையுறைகளும் முடிந்துவிடுவதால், வெவ்வேறு சாயத்தொட்டியில் தோய்த்த இரு பந்துகளுக்கு இடையே நிறம் சற்று மாறிப்போகும் தொல்லையும் இதில் இல்லை.

கம்பளி நூலா, அக்ரிலிக் நூலா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். கம்பளி இழை இயல்பாகவே சுருள் சுருளாக இருப்பதால் இடையிடையே காற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது; கதகதப்பு உண்மையில் அந்தக் காற்றிலிருந்துதான் கிடைக்கிறது. மேலும், தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத ஈரத்தை உறிஞ்சிய பின்னும் அது கைக்கு ஈரமாகத் தோன்றாது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் குணமும் அதற்கு உண்டு. கையுறைக்கு இந்தக் குணம் மிக முக்கியம். அக்ரிலிக் நூல் விலை குறைவு, துவைப்பது எளிது, கம்பளி பட்டால் தோல் அரிப்பவர்களுக்கும் அது ஒத்துவரும். தயக்கமில்லாமல் அதிலும் பின்னலாம். பருத்தி நூலை மட்டும் இந்தப் பொருளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை தளர்ந்தால் அது மீண்டும் இறுகுவதில்லை.

நிறத்தையும் நூலின் தன்மையையும் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிடக் கண்ணுக்கு எது தெளிவாகத் தெரியும் என்பதையே முதலில் பாருங்கள். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் கண்ணிகள், அதாவது பின்னலை உருவாக்கும் நூல் வளையங்கள், ஒன்றோடொன்று கலந்து தெரியும். பஞ்சுபோல் மயிர் நிறைந்த நூலில் கண்ணியின் விளிம்பே தெரியாது. வெளிர்நிறத்தில், வழுவழுப்பாக, நன்கு முறுக்கேறிய நூலாக இருந்தால் எங்கே என்ன நடக்கிறது என்று உங்களால் படித்துக்கொள்ள முடியும்.

ஊசி 4.5 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமனில், 25 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு ஜோடி வேண்டும். மூங்கில் அல்லது மர ஊசியையே வாங்குங்கள். உலோக ஊசியில் வேகம் அதிகம். ஆனால் கண்ணிகள் வழுக்கி விழுவதும் அதிகம். இவற்றோடு, முனை மழுங்கிய பெரிய காதுள்ள தையல் ஊசி ஒன்று, கத்தரிக்கோல், அளவுநாடா, நான்கைந்து ஊக்குகள், தவறிய கண்ணியை மீட்கக் கொக்கி முனையுள்ள ஒரு குரோஷா ஊசி ஆகியவை இருந்தால் போதும்.

எந்தத் திசையில் பின்னுவது

கையுறையை மணிக்கட்டில் தொடங்கி விரல்களை நோக்கி மேலே பின்னிக்கொண்டு போவதே வழக்கம். முதல் ஜோடியை அப்படிப் பின்ன வேண்டாம், பக்கவாட்டில் பின்னுங்கள். அதாவது, ஊசியில் ஏற்றும் கண்ணிகளின் எண்ணிக்கை கையுறையின் உயரத்தைத் தீர்மானிக்கும். பின்னும் வரிசைகள் கையைச் சுற்றி வளரும்.

இதற்குக் காரணம் உண்டு. எல்லா வரிசைகளையும், கீழே விளக்கப்போகும் நிட் என்ற அடிப்படைப் பின்னலாகவே பின்னினால் கிடைக்கும் துணிக்குக் கார்ட்டர் பின்னல் என்று பெயர். உழுத நிலத்தின் வரப்புகளைப் போல அதில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். இந்த வரப்புகள் ஒன்றையொன்று நெருங்கி ஒடுங்கியிருப்பதால், வரிசைகள் வளரும் திசையில் துணியை இழுத்தால் அது நன்றாக நீளும். குறுக்கே இழுத்தால் அவ்வளவு நீளாது. கையுறை நீள வேண்டியது உயரத்திலன்று, கையைச் சுற்றித்தான். பக்கவாட்டில் பின்னும்போது துணியின் இந்த இயல்பு நமக்குச் சாதகமாகத் திரும்பிவிடுகிறது. கையை நுழைக்கும்போது விரிந்து, நுழைத்த பின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளும். தனியாக மீள்பட்டி எதுவும் பின்னத் தேவையில்லை. கார்ட்டர் பின்னல் ஓரத்தில் சுருண்டுகொள்ளாது என்பதும், இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்பதும் கூடுதல் நன்மைகள். இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று என்று வேறுபடுத்தவே வேண்டாம்.

கண்ணி ஏற்றுதல்

முதலில் ஒரு சுருக்கு முடிச்சு. நூலின் நுனியிலிருந்து 45 சென்டிமீட்டர் அளவு விட்டு, அந்த இடத்தில் ஒரு வளையம் அமையுங்கள். பந்தின் பக்கமுள்ள நூலை அந்த வளையத்துக்குள்ளே சிறிது இழுத்து, புதிதாக வந்த வளையத்தை ஊசியில் மாட்டி, நூலை இழுத்தால் முடிச்சு ஊசியோடு பொருந்தும். பந்திலிருந்து வரும் நூலை இனி ஓடுநூல் என்றும், நுனிப்பக்கம் தொங்கும் 45 சென்டிமீட்டரை வால்நூல் என்றும் குறிப்பிடுவேன். வால்நூலை வெட்டிவிடாதீர்கள், கடைசியில் தைப்பதற்கு அதுவே பயன்படும்.

முடிச்சு உள்ள ஊசியை இடக்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வலக்கை ஊசியின் நுனியை அந்த வளையத்துக்குள் முன்பக்கமிருந்து பின்பக்கமாக நுழையுங்கள்; வலக்கை ஊசி, இடக்கை ஊசிக்குப் பின்னால் குறுக்காக நிற்கும். ஓடுநூலை வலக்கை ஊசியின் பின்புறமாகக் கொண்டுவந்து, அதன் நுனியை இடப்புறத்திலிருந்து சுற்றி, இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் வலப்புறமாக இறக்குங்கள். இப்போது வலக்கை ஊசியின் நுனியை மெல்லக் கீழே சரித்து, சுற்றிய நூலைக் கோத்துக்கொண்டு, பழைய வளையத்தின் வழியே முன்பக்கம் இழுங்கள். வலக்கை ஊசியில் ஒரு புதிய வளையம் இருக்கும். அதை இடக்கை ஊசியின் நுனியில் ஏற்றிவிட்டு, நூலை லேசாக இழுத்தால் இரண்டாவது கண்ணி ஆயிற்று. அந்தப் புதிய கண்ணிக்குள் ஊசியை நுழைத்து இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கண்ணி ஏற்றுவதற்குப் பல முறைகள் இருக்க, இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், இதைக் கற்றுக்கொண்டாலே நிட் பின்னலையும் பெரும்பாலும் கற்றுக்கொண்டதாகிவிடும் என்பதுதான். கை அசைவு இரண்டுக்கும் ஒன்றே.

நிட் பின்னல்

ஊசியை நுழைப்பது, நூலைச் சுற்றுவது, வளையத்தை முன்னே இழுப்பது ஆகிய மூன்றும் மேலே சொன்னபடியே. வேறுபாடு கடைசிப் படியில் மட்டும்: புதிய வளையத்தை இடக்கை ஊசியில் ஏற்றாமல் வலக்கை ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து வழுக்கி இறக்கிவிட வேண்டும். இப்படி ஒவ்வொரு கண்ணியாகப் பின்னி, எல்லாக் கண்ணிகளும் வலக்கை ஊசிக்குப் போனதும் ஒரு வரிசை முடிகிறது. ஊசிகளைக் கைமாற்றி, கண்ணிகள் உள்ள ஊசியை மீண்டும் இடக்கையில் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசையைத் தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் சற்று நின்று உங்கள் கண்ணிகளின் அளவைக் கவனியுங்கள். புதிதாகப் பின்னுவோர் பலரும் ஊசியின் கூரான நுனியிலேயே கண்ணியை அமைத்து, அது கழன்றுவிடுமோ என்ற அச்சத்தில் நூலை இறுக்கி இழுக்கிறார்கள். நுனி மெலிந்தது, அங்கே அமைந்த கண்ணி ஊசியின் முழுத் தடிமனுக்கு நகர மறுக்கும், அடுத்த வரிசையில் ஊசியை நுழைக்கவே இடம் இருக்காது. புதிய வளையத்தை இழுத்ததும் அதை ஊசியின் தடித்த பகுதிவரை தள்ளிவிட்டு, அதன் பிறகே பழைய கண்ணியை இறக்குங்கள். கண்ணியின் அளவை ஊசியின் தடிமன் தீர்மானிக்கட்டும்; உங்கள் விரல்கள் நூலை இழுத்துப் பிடிக்காமல், நழுவிப்போகாத அளவுக்கு மட்டும் தாங்கினால் போதும். ஓடுநூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி ஆள்காட்டி விரலின் மேலாக விட்டுக்கொண்டால் பிடி சீராக இருக்கும்.

மாதிரித் துண்டு

24 கண்ணிகள் ஏற்றி, 24 வரப்புகள் வரும்வரை பின்னுங்கள். ஒரு பக்கத்தில் தெரியும் ஒரு வரப்பு என்பது இரண்டு வரிசைகளுக்குச் சமம். ஆகவே மொத்தம் 48 வரிசைகள். இதை வீண்வேலை என்று எண்ணித் தவிர்ப்பவர்கள் உண்டு. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு இந்தத் துண்டு இரண்டு வகையில் தேவை. ஒன்று, கை பழகுவதற்கு. முதல் சில வரப்புகளில் இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வரும். அதன் பிறகுதான் கை ஒரு நிலைக்கு வரும். கையுறையின் முதல் பாதியில் நிகழ வேண்டிய தடுமாற்றம் இந்தத் துண்டிலேயே தீர்ந்துவிடட்டும். மற்றொன்று, உங்கள் கைக்குரிய அளவு எது என்று தெரிந்துகொள்வதற்கு. ஒரே நூலையும் ஒரே ஊசியையும் இருவரிடம் கொடுத்தால் இருவரும் ஒரே அளவில் பின்ன மாட்டார்கள்.

துண்டை இழுக்காமல் மேசைமீது பரப்பி, ஓரங்களை விட்டுவிட்டு, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள், எத்தனை வரப்புகள் என்று எண்ணுங்கள். கை நிலைப்பட்ட பகுதியை நம்புங்கள். தொடக்க வரப்புகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இந்த வழிகாட்டியின் கணக்கு 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணிகள், 18 வரப்புகள் என்ற அளவில் அமைந்தது. உங்களுக்கு 16 வந்தால் தளர்வாகப் பின்னுகிறீர்கள், அரை மில்லிமீட்டர் மெல்லிய ஊசிக்கு மாறுங்கள். 20 வந்தால் அரை மில்லிமீட்டர் தடித்த ஊசியை எடுங்கள். ஊசியை மாற்ற விருப்பமில்லையென்றால் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். கையுறையில் அது சிறியதன்று. 31 வரப்புகள் உள்ள துண்டு, 10 சென்டிமீட்டருக்கு 18 வரப்புகள் என்ற அளவில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதே 31 வரப்புகள், 16 வரப்புகள் என்ற அளவில் பின்னப்பட்டால் 19 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஒன்று கையைக் கவ்விப் பிடிக்கும். மற்றது கையைத் தொங்கவிட்டால் கழன்று விழும்.

உங்கள் கையின் அளவு

கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடிமூட்டுகளைச் சுற்றி அளவுநாடாவை வைத்துப் பாருங்கள். அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். துணி நீண்டுகொடுக்கும் என்பதால் கையைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால்தான் கையுறை பொருந்தும். மீதமுள்ள அளவை ஒரு சென்டிமீட்டருக்கு 1.8 வரப்பு என்ற கணக்கில் பெருக்கினால் வேண்டிய வரப்புகள் கிடைக்கும். கையின் சுற்றளவு 17 சென்டிமீட்டராக இருந்தால் 28 வரப்புகள், 19 சென்டிமீட்டருக்கு 31, 21 சென்டிமீட்டருக்கு 34.

உயரத்துக்கு 32 கண்ணிகள். இது விரல்களின் அடிமூட்டிலிருந்து மணிக்கட்டுக்குக் கீழே சில சென்டிமீட்டர் வரை, ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் வரும். முழங்கையை நோக்கி இன்னும் நீளமாக வேண்டுமானால் கண்ணிகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் முன்கை அகன்றுகொண்டே போவதால் முதல் ஜோடியை இந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

துண்டைப் பின்னுதல்

32 கண்ணிகளை ஏற்றி இரண்டு வரிசைகள் நிட் பின்னுங்கள். மூன்றாவது வரிசையைத் தொடங்குவதற்காக ஊசியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது, வால்நூல் இடப்புறக் கோடியில் தொங்கும்; உங்களைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஒரு வரப்பு உருவாகியிருக்கும். இந்தப் பக்கத்தில் ஓர் ஊக்கைக் குத்திவையுங்கள். இனி வரப்புகளை ஊக்கு உள்ள பக்கத்தில் மட்டுமே எண்ண வேண்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி தோன்றுவதால், எந்தப் பக்கத்தில் எண்ணினோம் என்று மறந்து ஒரு வரப்பைக் கூட்டியோ குறைத்தோ விடுவது எளிதில் நேரக்கூடியது.

ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றினால் ஓரம் சங்கிலிபோல் அழகாக வரும் என்று சிலர் சொல்லித்தருவார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சங்கிலி ஓரம் அவ்வளவாக நீளாது. நம் கையுறையில் இந்த ஓரங்கள்தான் விரல்பக்க விளிம்பாகவும் மணிக்கட்டு விளிம்பாகவும் அமையப்போகின்றன. கை நுழைய வேண்டிய இடம் இறுகிவிடக் கூடாது. எனவே எல்லாக் கண்ணிகளையும் முதலிலிருந்து கடைசிவரை பின்னிவிடுங்கள்.

நான்கு வரிசைகளுக்கு ஒருமுறையாவது ஊசியிலுள்ள கண்ணிகளை எண்ணுங்கள். 32 என்பது 33 ஆகியிருந்தால், பெரும்பாலும் வரிசையின் தொடக்கத்தில்தான் அது நேர்ந்திருக்கும். ஊசியைத் திருப்பியதும் ஓடுநூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருந்தால், அது முதல் கண்ணியை மேலே தூக்கிவிடும். அதன் இரு கால்களும் ஊசிமீது ஏறி, ஒரு கண்ணி இரண்டாகத் தோன்றும். அறியாதவர் இரண்டையும் பின்னிவிடுவார். வரிசையைத் தொடங்கும் முன் ஓடுநூலை ஒருமுறை முன்பக்கமாகக் கீழே இழுத்து, முதல் கண்ணி ஒற்றையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, நூலை ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோய்ப் பின்னுங்கள். வரிசையின் நடுவில் எண்ணிக்கை கூடியிருந்தால், ஓடுநூல் ஊசிகளுக்கு நடுவே முன்னால் வந்து கிடந்த நிலையில் பின்னியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்த இடத்தில் சிறு துளை தெரியும்.

32 என்பது 31 ஆகியிருந்தால் ஒரு கண்ணி தவறிவிட்டது. பதற வேண்டாம். தவறிய கண்ணி தெரிந்தவுடன் அதில் ஓர் ஊக்கை மாட்டிவிடுங்கள். அதற்கு மேல் அது இறங்காது. கண்ணிக்கு மேலே, இறங்கிய ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றாக, ஏணிப்படி போல் நூல்கள் குறுக்கே கிடக்கும். குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் விட்டு அடுத்த படியைக் கோத்து இழுக்க வேண்டும். கார்ட்டர் பின்னலில் ஒரு படியை முன்பக்கமிருந்தும் அடுத்த படியைப் பின்பக்கமிருந்தும் மாறி மாறி இழுத்தால்தான் வரப்பு முறிந்துபோகாமல் வரும். கடைசிப் படியை இழுத்ததும் கண்ணியை இடக்கை ஊசியில் ஏற்றிவிடலாம்.

வேலையைப் பாதியில் கீழே வைக்க நேர்ந்தால் வரிசையை முடித்துவிட்டு வையுங்கள். அப்படி முடியாமல் நடுவில் விட்டிருந்தால், மீண்டும் எடுக்கும்போது எந்த ஊசி எந்தக் கையில் இருந்தது என்ற குழப்பம் வரும். ஓடுநூல் எந்த ஊசியிலுள்ள கண்ணியிலிருந்து வருகிறதோ, அது வலக்கை ஊசி.

கண்ணி அடைத்தல்

ஊக்கு உள்ள பக்கத்தில் 31 வரப்புகள் தெரிந்ததும், அல்லது உங்கள் அளவுக்குரிய எண்ணிக்கை வந்ததும், இன்னும் ஒரு வரிசை கூடுதலாகப் பின்னுங்கள். அடுத்த வரிசையில்தான் கண்ணிகளை அடைக்க வேண்டும். இந்தக் கூடுதல் வரிசை முக்கியமானது: இதனால் அடைத்து முடிக்கும்போது ஓடுநூல், தொடக்க வால்நூல் தொங்கும் கோடிக்கு எதிர்க்கோடியில் வந்து நிற்கும். ஆக, ஒரு நூலை விரல்பக்கத்தைத் தைக்கவும் மற்றதை மணிக்கட்டுப் பக்கத்தைத் தைக்கவும் பயன்படுத்தலாம். புதிதாக நூல் சேர்க்கத் தேவையில்லை.

அடைக்கும் முறை இது. இரண்டு கண்ணிகளைப் பின்னுங்கள். வலக்கை ஊசியில் முதலில் பின்னிய கண்ணியை இடக்கை ஊசியின் நுனியால் தூக்கி, இரண்டாவது கண்ணியின் மேலாகத் தாண்டவைத்து ஊசியிலிருந்து இறக்குங்கள். ஒரு கண்ணி மிஞ்சும். இன்னொன்றைப் பின்னி, மீண்டும் முந்தையதைத் தாண்டவையுங்கள். கடைசியில் ஒற்றைக் கண்ணி எஞ்சும்போது, 45 சென்டிமீட்டர் விட்டு நூலை வெட்டி, அந்தக் கண்ணியின் வழியே முழுவதுமாக இழுத்துவிடுங்கள். அடைக்கும்போது கை தானாகவே இறுகும். தளர்த்தியே பின்னுங்கள், அல்லது அந்த வரிசைக்கு மட்டும் வலக்கையில் ஒரு தடித்த ஊசியை வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த ஓரம் ஏற்றிய ஓரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் தைத்தபின் கையுறை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

தைத்து இணைத்தல்

துண்டை மடித்து, ஏற்றிய ஓரமும் அடைத்த ஓரமும் அருகருகே வரும்படி மேசைமீது வையுங்கள். இரண்டு ஓரங்களிலும் 32 கண்ணிகளே இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்தித் தைக்கலாம். விரல்பக்கத்திலிருந்து 7 கண்ணிகள் தைத்து, அடுத்த 9 கண்ணிகளைக் கட்டைவிரலுக்காகத் திறந்துவிட்டு, மீதி 16 கண்ணிகளைத் தைக்க வேண்டும். தைக்கும் முன் இந்த இடங்களில் ஊக்குகளைக் குத்தி, கையில் போட்டு, கட்டைவிரலை அசைத்துப் பாருங்கள். விரலின் அடிப்பகுதியில் துணி உறுத்தினால் திறப்பை ஒரு கண்ணி கீழே நீட்டுங்கள். காற்று புகுந்தால் ஒரு கண்ணி குறையுங்கள். ஒவ்வொருவர் கட்டைவிரலும் ஒவ்வோர் இடத்தில் பிரிகிறது. என் எண்களைவிட உங்கள் கை சொல்வதே சரி.

மழுங்கிய ஊசியில் வால்நூலைக் கோத்து, ஓர் ஓரத்திலுள்ள கண்ணியின் இரு இழைகளுக்கும் அடியில் விட்டு, எதிரிலுள்ள கண்ணியின் இரு இழைகளுக்கும் அடியில் எடுத்து, இப்படியே மாறி மாறிச் சென்று, சில தையல்களுக்கு ஒருமுறை நூலை இதமாக இழுங்கள். ஓரங்கள் இரண்டும் சேர்ந்து நின்றால் போதும். அதற்கு மேல் இழுத்தால் தையல் சுருங்கும். திறப்பின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒரே இடத்தில் இரண்டு தையல் கூடுதலாகப் போடுங்கள். கையுறையைப் போடும்போதும் கழற்றும்போதும் இழுபடுவது அந்த இரண்டு இடங்கள்தான்.

மீதமுள்ள நூலை உட்புறத்தில் வரப்புகளின் மேடுகள் வழியே 5 சென்டிமீட்டர் தூரம் நுழைத்து, திசை திருப்பிச் சில மேடுகள் பின்னோக்கி வந்து, பிறகு வெட்டுங்கள். முடிச்சுப் போட வேண்டாம். முடிச்சு மணிக்கட்டில் உறுத்தும், நாளடைவில் அவிழவும் செய்யும்.

இரண்டாவது கையுறை

முதலாவதை அளவுநாடாவால் அளந்து இரண்டாவதைப் பின்னாதீர்கள். பின்னல் துணி நீளக்கூடியது. எவ்வளவு இழுத்து அளந்தோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். வரப்புகளை எண்ணி, அதே எண்ணிக்கையில் நிறுத்துங்கள். முதல் கையுறையின் வரப்புகள், கண்ணிகள், கட்டைவிரல் திறப்பின் எண்கள், ஊசியின் தடிமன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நூல்பந்தோடு செருகிவைத்துக்கொள்வது நல்ல பழக்கம். இயன்றவரை முதலாவது முடிந்த ஓரிரு நாட்களுக்குள் இரண்டாவதைத் தொடங்கிவிடுங்கள். இடைவெளி நீண்டால் கையின் இறுக்கம் மாறிவிடும். எண்ணிக்கை சமமாக இருந்தும் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வரும். அப்படி வந்தால், தளர்வாக வந்ததைப் பிரித்து மெல்லிய ஊசியால் மீண்டும் பின்னுவதே சரியான வழி. பிரித்த நூல் வீணாவதில்லை.

துவைத்தல்

இரண்டும் முடிந்ததும் இளஞ்சூடான நீரில் சிறிது மென்மையான சோப்புக் கரைசல் சேர்த்து 15 நிமிடங்கள் ஊறவைத்து அலசுங்கள். கண்ணிகள் தம் இடத்தில் அமர்ந்து, சிறுசிறு ஏற்ற இறக்கங்கள் பெரிதும் மறைந்துவிடும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டு ஒன்றில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, வேண்டிய வடிவில் தட்டையாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையே அவற்றை இழுத்து நீட்டிவிடும்.

கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரும் உரசலும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். அதை மீட்க வழியில்லை. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று தாளில் குறிப்பிட்டிருக்கும் கம்பளி, அதற்கென்று பதப்படுத்தப்பட்டது. அக்ரிலிக் கையுறைகளை இயந்திரத்தில் போடலாம். ஆனால் அவற்றின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். சூடு பட்ட இழை தளர்ந்து, வரப்புகள் தட்டையாகி, மீளும் தன்மை போய்விடும்.